இரும்புக்கு இந்தப் பக்கம்

துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில் பாதையின் கடைசித் தண்டவாளத்தைக் கிரேன் தூக்கி லாரியில் போட்ட அன்றைக்குச் சாயங்காலம், அலவந்துறைக் குப்பத்தில் அதுவரை செத்துப்போன அத்தனை பேரும் வீடு திரும்பினார்கள். வெயில் தாழ்ந்து, பெண்கள் கருவாட்டுப் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். வேலை விட்டு வருகிற கூட்டம் மாதிரிதான் வந்தார்கள். தலையில் மணல், தோளில் மணல், உதறிக்கொண்டே, அவசரமில்லாமல், இரண்டு பேர் மூன்று பேராகப் பேசிக்கொண்டே வந்தார்கள். முன்னால் வந்தவர்களை எங்களுக்கே அடையாளம் தெரிந்தது, நடுவில் வந்தவர்களை வயதானவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டோம், கடைசியில் வந்தவர்களை யாருக்குமே தெரியவில்லை. ஆனால் அவர்களுக்குத் தங்கள் இடம் தெரிந்திருந்தது. தன் குடிசை இருந்த இடத்தில் இன்றைக்கு வேறொருத்தன் கட்டிய ஓட்டு வீடு நின்றாலும், நேராக அந்த வாசலில் வந்து நின்று, உள்ளே கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்கள். நாங்களும் கூப்பிட்டோம். வாசலில் வந்து நிற்கிறவரை வா என்று சொல்லாமல் இருக்க எங்களுக்குத் தெரியாது.

ஏன் இப்படி நடந்தது என்று ஒருத்தரும் ஒருத்தரைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தும் முன்கூட்டியே ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை, அதுதான் எங்கள் லட்சணம்.

எங்கள் ஊரின் வரிசை அப்போது இப்படி இருந்தது: மேற்கே டவுன், அதை ஒட்டிக் குப்பம், குப்பத்துக்குப் பின்னால் தண்டவாளம், தண்டவாளத்தைத் தாண்டினால் கருவாடு காயும் மணல், மணலின் ஓரத்தில் இடுகாடு, அப்புறம் கடல். நாங்கள் புதைக்கிற ஜனம். பாடை கிளம்பினால் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள், ஆண்கள் மட்டும் தண்டவாளம் வரை போய், அங்கே பாடையை இறக்கி, தலை இருந்த பக்கம் கால் வருகிற மாதிரி ஒரு தடவை திருப்பி, மறுபடி தோளில் ஏற்றி, இரும்பைத் தாண்டுவார்கள். திருப்பினால் போகிறவருக்கு வந்த வழி மறந்துபோகும், வீடு மறந்துபோகும், பெற்றவளும் பெற்றதும் மறந்துபோகும். திருப்பியதை இரும்பு பிடித்து வைத்துக்கொள்ளும். குழி மூடித் திரும்புகிற ஆண்கள் தண்டவாளத்தை ஒரு மிதி மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள், அங்கே என்ன செய்தோம் என்பதை வீட்டில் பேச மாட்டார்கள், பெண்களும் கேட்க மாட்டார்கள். கேட்டால் வீட்டுக்கு ஆகாது. வெள்ளைக்காரன் மணிலாக் கொட்டையைக் கப்பல் ஏற்றுவதற்காகப் போட்ட பாதை அது. அவனுக்கே தெரியாமல் எங்களுக்கும் எங்கள் பிணங்களுக்கும் நடுவே ஒரு வேலியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

அந்த வேலிதான் எங்களைக் கொன்றுகொண்டும் இருந்தது. கடலுக்குப் போவதென்றாலும் காலைக்கடன் கழிப்பதென்றாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அஞ்சலாட்சியின் மகள் பவுனு ஏழு வயதில் அதில்தான் போனாள். அம்மா மணலில் நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று சின்னக் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போன பிள்ளை. அன்றைக்கு இன்ஜின் பின்னாலிருந்து தள்ள, உர மூட்டை ஏற்றிய பெட்டிகள் சத்தமில்லாமல் முன்னால் வந்துகொண்டிருந்தன. இன்ஜின் சத்தம் தூரத்தில் கேட்கிறதே, தாண்டிவிடலாம் என்று பிள்ளை நினைத்திருக்கிறது. கையில் தூக்கிப் போகிற வயதைத் தாண்டிவிட்டதால் சின்னதாக ஒரு பாடை கட்டினோம். அப்பன் தேசிங்கும், அவன் தம்பி வீரமுத்துவும், பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் தோள் கொடுத்தார்கள். அஞ்சலாட்சி தெருமுனையில் நின்று, பாடை கண்ணுக்கு மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தத் தண்டவாளத்தை விடவில்லை. பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் அதன்மேல் உட்கார்ந்தாள், போலீஸ் வேனில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி போய் உட்கார்ந்தாள். அடுத்த வருஷம் சேது வயிற்றில் இருந்தபோதும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். கலெக்டர் ஆபீஸில் அவளுக்கென்றே ஒரு பெஞ்சு காலியாக இருக்கும் என்று கேலி பேசுவோம். "ரயில எடு, இல்லன்னா எங்கள எடு" என்பது அவள் கட்டிய கோஷம். நாங்களும் தொண்டை கிழியக் கத்தினோம். சர்க்கார் காதில் பாதி கோஷம் விழுந்தால் போதும் என்று நினைத்தோம். முழுக் கோஷமும் விழுந்து தொலைத்தது.

கடற்கரையை அழகாக்கப் போகிறோம் என்று ஒரு திட்டம் வந்தது. டவுன் ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரி ஒன்று செய்து வைத்திருந்தார்கள், நாங்களும் குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். தண்டவாளம் கிடந்த இடத்தில் வழவழவென்று நடைபாதை, கிரானைட் பெஞ்சுகள், கண்ணாடி ஓட்டல்கள், தீப்பெட்டிக் குச்சி உயரத்தில் நடந்துகொண்டிருக்கிற மனிதர்கள். ரயில் பாதையைப் பெயர்த்து டவுனை ஒட்டிக் கொண்டுபோய்ப் போடுவதாக ஆபீசர் விளக்கினார். குப்பம் இருந்த இடத்தில் பச்சைப் பஞ்சு ஒட்டியிருந்தது; மரம் நடுவார்கள்போல என்று எங்களுக்குள் சந்தோஷமாகப் பேசிக்கொண்டோம். கவுன்சிலர் அஞ்சலாட்சிக்குப் பொன்னாடை போர்த்தினார். தண்டவாளம் பெயர்ந்த அன்றைக்கு வெடி வெடித்தோம்.

வெடிக் காகிதம் தெருவில் கிடக்கும்போதே அவர்கள் வந்துவிட்டார்கள்.

அஞ்சலாட்சி வாசலில் சேதுவுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். பவுனு வந்து எதிரே நின்றாள். போன அன்றைக்கு உடுத்தியிருந்த அதே பூப்போட்ட பாவாடை, உடம்பில் ஒரு கீறல் இல்லை, காதோரத்திலிருந்து மணல் உதிர்ந்துகொண்டே இருந்தது. அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எம்மா, தண்ணி கொட்டிப்போச்சு. திட்டாத."

அஞ்சலாட்சி கத்தவில்லை, விழவில்லை. துண்டைச் சேதுவின் தலையிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்து, பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், தட்டில் சோறு போட்டாள். அப்புறம்தான் அழுதாள். அந்த அழுகை தெரு முழுக்கக் கேட்டது, ஆனால் அன்றைக்குத் தெருவில் எல்லா வீட்டிலும் அதே அழுகைதான் என்பதால் தனியாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

முதல் மாதம் முழுக்கத் திருவிழாதான். போட்டோக்களிலிருந்து மாலையைக் கழற்றினோம். அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைப்பதை நிறுத்தினோம், காக்காய்கள்தான் கோபித்துக்கொண்டு கொஞ்ச நாள் கூரைமேல் கத்திக்கொண்டிருந்தன. பிறகு இடம் பத்தவில்லை. நாலு பேர் கால் நீட்டினால் நிறைந்துவிடுகிற வீட்டில் நாலு தலைமுறை உட்கார்ந்திருந்தது. அவர்கள் படுப்பார்கள், கண்ணை மூட மாட்டார்கள். தட்டு வைத்தால் சாப்பிடுவார்கள், வயிறு நிறையாது. பானை பானையாகப் போட்டுப் பார்த்து ஓய்ந்து, கடைசியில் மரியாதைக்கு ஆளுக்கு ஒரு பிடி என்று நிறுத்திக்கொண்டோம், அவர்களும் குறை சொல்லவில்லை. குழாயடியில் பழக்க தோஷத்தில் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள், முறை வந்ததும் எதற்கு நின்றோம் என்று தெரியாமல் மறுபடி பின்னால் போய் நிற்பார்கள். இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொண்ட அய்யாக்கண்ணுவின் வீட்டுக்கு முதல் பெண்சாதி குமுதவல்லி வந்து நின்றபோது என்ன ஆகுமோ என்று தெருவே பயந்தது. ஒன்றும் ஆகவில்லை. அவள் இளையவளின் குழம்பை ருசி பார்த்துப் புளி கூட என்றாள், இளையவள் ஆமாம் என்றாள், ஒரு வாரத்தில் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு அய்யாக்கண்ணுவைக் குடிக்க விடாமல் செய்துவிட்டார்கள். பத்திரிகைக்காரர் ஒருத்தர் வந்தார். டீ குடித்தார், தெருவில் இரண்டு சுற்று நடந்தார், யார் செத்தவர் யார் இருக்கிறவர் என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, கடற்கரை ஜனங்களின் முகமே அப்படித்தான் வாடியிருக்கும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

எங்கே பார்த்தாலும் மணல். கூட்டக் கூட்டக் கொட்டியது. அஞ்சலாட்சி மட்டும் அதைக் கூட்டித் தெருவில் தள்ள மாட்டாள், ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தாள். சேதுவுக்கு ஆறு வயது, அக்காவுக்கு ஏழு வயது. செத்திருக்காவிட்டால் அவளுக்குத் தாவணி போட்டிருப்பார்கள். இரண்டும் அந்த மணல் குவியலில் உட்கார்ந்து சோழி விளையாடும். அதைப் பார்த்துக்கொண்டே அஞ்சலாட்சி மீன் கழுவுவாள், அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நாங்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவள் நிம்மதியைப் பார்த்து எங்களுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது, ஏனென்றால் எங்கள் செத்தவர்களில் பாதிப் பேர் உயிரோடு இருந்தபோதே எங்களுக்கு ஆகாதவர்கள்.

துறைமுகத்தை ஆழப்படுத்த மூடியிருந்ததால் ரயிலுக்கு அவசரமில்லாமல் இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் புதுப்பாதை வேலை தொடங்கியது. இரும்பு நல்ல இரும்பு, வீணாக்குவானேன் என்று அதே பழைய தண்டவாளங்களைக் கொண்டுவந்து, டவுனுக்கும் குப்பத்துக்கும் நடுவில் வரிசையாகக் கிடத்தினார்கள். இரண்டு பக்கமும் மதில் எழுப்பி, போக வர ஒரே ஒரு கேட் வைத்தார்கள். வேலைக்கு வந்தவர்களுக்கு நாங்களே மோர் கொடுத்தோம். கிழக்கே தண்டவாளம் இல்லை, பிள்ளைகள் பயமில்லாமல் கடலுக்கு ஓடுகின்றன, செத்தவர்கள் கூடவே இருக்கிறார்கள், இதைவிட வேறென்ன வேண்டும் என்று இருந்தோம்.

கொஞ்ச காலம் கழித்துத்தான் பள்ளிக்கூடத்து டீச்சர் கேட்டார், ஏன் குப்பத்துப் பிள்ளைகள் யாருக்கும் போன வருஷத்துச் சட்டை சின்னதாகவில்லை என்று. அதற்குப் பிறகுதான் கவனித்தோம். சேதுவின் முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அது மாதக்கணக்கில் ஆடிக்கொண்டே இருந்தது, விழவில்லை. நிறைமாதமாக இருந்த மீன்காரி செந்தாழை நிறைமாதமாகவே இருந்தாள், ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் அடுத்த வாரம் என்று அனுப்பினார்கள். ஆண்களுக்குத் தாடி வளரவில்லை, நகம் வெட்ட வேண்டியிருக்கவில்லை. சாப்பிட்டால் வயிறு நிறைவது நின்றுபோனது. ஒருநாள் அஞ்சலாட்சி சேதுவின் தலையைச் சீவும்போது சீப்பில் மணல் வந்தது. பவுனுவோடு விளையாடி ஒட்டியது என்று முதலில் நினைத்தாள், தலைக்கு ஊற்றினாள், துவட்டினாள், மறுபடி சீவினாள், மறுபடியும் வந்தது.

அவள் சீப்பை வைத்துவிட்டு எழுந்துபோய் மேற்கே மதிலைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். இரும்புக்குக் கடல் பக்கம் செத்தவர்கள், டவுன் பக்கம் இருக்கிறவர்கள் என்பது பரம்பரையாக எங்களுக்குத் தெரிந்த கணக்கு. இரும்பை எங்கள் முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து போட்டபோது, நாங்கள் எந்தப் பக்கம் வந்து விழுந்தோம் என்று பார்க்காமல், போட்டவனுக்கு மோர் கொடுத்திருக்கிறோம்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் திட்டத்தின் அடுத்த கட்டம் என்று ஆபீசர் வந்தார். நல்ல மனிதர், இளவயது, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், தூர்ந்துபோன ஏரியில் அடுக்குமாடி கட்டியிருக்கிறோம், வீட்டுக்கு ஒரு வீடு, வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்துவிட வேண்டும் என்றார். செத்தவர்களைப் பார்த்து அவர் திகைக்கவில்லை; அவர்களுக்குத் தனி வீடு ஒதுக்க விதியில்லை என்று வருத்தத்தோடு சொன்னார், அவர்களும் வருத்தத்தோடு தலையாட்டினார்கள். அஞ்சலாட்சியை ஊரே திரும்பிப் பார்த்தது. வேறு சமயமாக இருந்திருந்தால் அவள் புல்டோசருக்கு முன்னால் படுத்திருப்பாள். இப்போது இங்கேயே இருந்தால் சேது போய்விடுவான், அந்தப் பக்கம் போனால் பவுனு வரமாட்டாள். அவள் உள்ளே போய்விட்டாள்.

முதலில் சாமான் கட்டியவர்கள் அய்யாக்கண்ணு வீட்டார். குமுதவல்லியும் கூடவே வந்தாள். கேட்டைத் தாண்டித் தண்டவாளத்துக்கு ஒரு முழம் முன்னால் அவள் கால் நின்றது. இளையவள் கையைப் பிடித்து இழுத்தாள், அய்யாக்கண்ணு தூக்கிப் பார்த்தான். தூக்கியவன் தாண்டியதும் கையில் ஆளில்லை. திரும்பிப் பார்த்தால் குமுதவல்லி பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அடுப்பை மறக்காமல் எடுத்துக்கொண்டாயா என்று இளையவளைக் கேட்டுவிட்டு அவள் திரும்பி நடந்தாள். அதற்குப் பிறகு எல்லோரும் ஒவ்வொரு விதமாகச் சமாளித்தார்கள். சிலர் சொல்லிக்கொண்டு போனார்கள், சிலர் சாமான் வாங்கப் போய்விட்டு வருகிறோம் என்று பொய் சொல்லிவிட்டுப் போனார்கள், சிலர் செத்தவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து நழுவினார்கள். செந்தாழைக்குத் தண்டவாளத்தைத் தாண்டிய கையோடு வலி எடுத்து, ஆட்டோவிலேயே பிள்ளை பிறந்தது.

அந்தச் செய்தியைக் கொண்டுவந்து தேசிங்கு பெண்சாதியிடம் மன்றாடினான். சேதுவையாவது அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவள் அனுப்பவும் மாட்டாள், வரவும் மாட்டாள். கடைசியில் அவன் பொறுமையிழந்து, செத்த பிள்ளைக்காக இருக்கிற பிள்ளையைச் சாகடிக்கிறாய் என்று தெருவில் நின்று கத்திவிட்டான். பவுனு அதைக் கேட்டுக்கொண்டு வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அஞ்சலாட்சி வெளியே வந்து, மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, அடங்கின குரலில் சொன்னாள்: "இவள நீங்கதான் இரும்புக்கு அந்தாண்ட வச்சிட்டு வந்தீங்க. நான் தெருமொனையில நின்னன். நில்லுன்னீங்க, நின்னன். இந்த வாட்டி நான் நிக்க மாட்டன்."

 அவள் பிள்ளையின் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே யோசித்தாள், யோசித்து முடித்ததும் நிமிர்ந்தாள்.

"பாடையில போனவ, பாடையிலயே வரட்டும். அன்னிக்குத் தூக்கினு போன அதே நாலு பேரும் வந்து தூக்கினு வாங்க. வேற ஆளு வாணாம்."

பாடை ஊரைப் பார்த்து வந்ததாகச் சரித்திரம் இல்லை. பெரியவர்கள் கூடாது என்றார்கள், ஆகாது என்றார்கள், டவுனுக்கே கேடு வரும் என்றார்கள். டவுனுக்குக் கேடு வந்தால் வரட்டும் என்று இளவட்டங்கள் சொன்னார்கள். தோளில் போனது தோளில் திரும்பி வரலாம், கையில் தூக்கியது வேறு, தோளில் தூக்கியது வேறு என்று யோசித்துப் பார்த்ததில் எங்களுக்கும் நியாயமாகத்தான் பட்டது. வீரமுத்து அடுக்குமாடியிலிருந்து வந்தான். மற்ற இரண்டு பேரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார்கள். பச்சை மூங்கில் வெட்டி, தென்னங்கீற்றுப் பின்னி, போன தடவை கட்டிய அதே அளவில் சின்னதாக ஒரு பாடை கட்டினார்கள். அளவு கேட்க வேண்டியிருக்கவில்லை, பிள்ளை வளர்ந்திருந்தால்தானே.

வெள்ளிக்கிழமை காலை, நல்ல வெயிலில் கிளம்பினோம். சங்கு இல்லை, பறை இல்லை, அழுகை இல்லை. பவுனுவுக்கு ஊஞ்சலில் ஏறுகிற குஷி. படுக்கச் சொன்னதும் படுத்துக்கொண்டு, பாடை அப்பன் தோளுக்கு ஏறியபோது கீழே எட்டிப் பார்த்துத் தம்பிக்குக் கையாட்டினாள். தானும் ஏறுவேன் என்று அடம் பிடித்த சேதுவுக்கு முதுகில் ஒன்று வைத்து அஞ்சலாட்சி இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அவள்தான் முன்னால் நடந்தாள். குப்பத்துப் பெண்களில் பாடையோடு கூட நடந்த முதல் பெண் அவள். கேட்டைத் தாண்டி, இரண்டு தண்டவாளத்தையும் தாண்டி, அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். கண் எதிரே அம்மா நின்றால் பிள்ளை தயங்காமல் வந்துவிடும் என்பது அவள் நினைப்பு. மதிலோரம் இரண்டு பக்கமும் நாங்கள் நின்றோம். கிழக்குப் பக்கம் நின்றவர்களுக்குப் பின்னால் எங்கள் செத்தவர்கள் நின்றார்கள், இது நடந்துவிட்டால் நாளைக்கு நமக்கும் பாடை கட்டுவார்கள் என்ற ஆசை அவர்கள் முகத்தில் தெரிந்தது.

நாலு பேரும் தண்டவாளத்தருகே வந்தார்கள். நின்றார்கள். பாடையை இறக்கினார்கள். தலைமாட்டில் இருந்தவர்கள் இந்தப் பக்கமும் கால்மாட்டில் இருந்தவர்கள் அந்தப் பக்கமுமாகச் சுற்றி வந்து, பாடையை ஒரு தடவை திருப்பினார்கள். மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு இரும்பைத் தாண்டினார்கள்.

யாரும் சொல்லிச் செய்யவில்லை. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அந்த இரும்பருகே பாடையோடு வந்து நின்ற கைகள், நின்ற இடத்தில் செய்வதைச் செய்துவிட்டன. பார்த்துக்கொண்டு நின்ற எங்களில் எத்தனை ஆண்கள், எத்தனை பாடைக்குத் தோள் கொடுத்தவர்கள். எங்கள் ஒருத்தர் கண்ணிலும் அது தப்பாகப் படவில்லை, சரியாகச் செய்கிறார்கள் என்றுதான் பட்டது. அஞ்சலாட்சி நேருக்கு நேராக அதைப் பார்த்தாள். அவள் அதற்கு முன்னால் அதைக் கண்ணால் கண்டதில்லை, அவளிடம் யாரும் சொன்னதுமில்லை. பாடை என்றால் இப்படித்தான் தூக்குவார்கள்போல என்று நினைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

தேசிங்குக்குத்தான் முதலில் தெரிந்தது. தோளில் கனமில்லை. அவன் பாடையை அப்படியே விட்டுவிட்டுத் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான், பிறகு அந்தக் கைகளால் தன் முகத்தில் அறைந்துகொள்ளத் தொடங்கினான். மற்ற மூன்று பேரும் அவனைப் பிடிக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்கள். வெறும் கீற்றும் மூங்கிலும் சரளைக்கல்லில் கிடந்தன.

பவுனு தண்டவாளத்துக்குக் கிழக்கே, தன் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். குப்பத்தைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். அஞ்சலாட்சி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிள்ளை திரும்பவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது தனக்குப் பின்னால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லாததால் அஞ்சலாட்சியைப் பார்த்து, பஸ் ஸ்டாண்டில் வழி தெரியாமல் நிற்கிறவர்களிடம் பிள்ளைகள் கேட்கிற மாதிரி, மரியாதையாகக் கேட்டாள்.

"யாரக்கா வேணும் ஒங்களுக்கு?"

 அஞ்சலாட்சியின் இடுப்பிலிருந்த சேது அக்கா அக்கா என்று கத்தினான். தெரியாத பையன் கத்துகிறான் என்று பவுனு சிரித்தாள். கேட்காரர் வண்டி வருகிறது என்று சத்தம் போட்டார், நாங்கள் எல்லோரும் சேர்ந்து அஞ்சலாட்சியையும் தேசிங்கையும் இழுத்துக்கொண்டு மேற்கே ஒதுங்கினோம், புதுப்பாதையில் முதல் சரக்கு ரயில் உர மூட்டைகளோடு போனது. அது போய் முடிந்து கேட் திறந்தபோது பிள்ளை அங்கே இல்லை. குப்பத்துப் பக்கம் புல்டோசர் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

அடுக்குமாடியில் எங்களுக்கு வயது ஏறியது. சேதுவின் பல் மறுநாளே சோற்றோடு வந்துவிட்டது. இப்போது அவன் ஆறாவது படிக்கிறான், வருஷத்துக்கு இரண்டு தடவை சட்டை வாங்க வேண்டியிருக்கிறது. தேசிங்கு எதையும் இரண்டு கையால் தூக்குவதில்லை. அவனும் அஞ்சலாட்சியும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், சாப்பாடு போடுகிறாள், சாப்பிடுகிறான், அன்றைக்கு நடந்ததைப் பற்றி அவள் அவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றும்.

கடற்கரை கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த மாதிரியே ஆகிவிட்டது. சாயங்காலம் கார்களில் வந்து இறங்குகிறவர்கள் நடைபாதையில் காற்று வாங்குகிறார்கள், எங்கள் செத்தவர்களும் அவர்களோடு கலந்து நடக்கிறார்கள், ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. ஓட்டல்காரர்களுக்கு ஒரே ஒரு தலைவலி, எவ்வளவு கூட்டினாலும் மணல். அதற்காக அடுக்குமாடிப் பெண்களுக்கு நீலச் சேலை கொடுத்துக் கூட்டுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். விடிந்ததும் கேட்டைத் தாண்டிப் போய், நடைபாதையைக் கூட்டிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். அதற்கு மேல் அங்கே இருக்கக் கூடாது என்பது எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அஞ்சலாட்சி அந்த வேலைக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

பவுனு தினமும் ஒரு கிரானைட் பெஞ்சில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அஞ்சலாட்சி சுற்றிச் சுற்றி அந்த பெஞ்சின் அடியிலேயே கூட்டுவாள். மகள் என்று சொல்லிப் பார்த்தாள், பிள்ளை பயந்துபோய் எழுந்து ஓடியது. பெயர் சொல்லிப் பார்த்தாள், பாட்டுப் பாடிப் பார்த்தாள், ஒன்றுக்கும் முகம் கொடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டால் மட்டும் நின்று பதில் சொல்லும் என்று கண்டுகொண்டாள். அதனால் தினமும் அதையே கேட்கிறாள்.

"ஏழு வயசு, பூப்போட்ட பாவாட கட்டியிருப்பா. எம் பொண்ணு. இந்தப் பக்கமா வந்தாளா பாப்பா?"

பவுனு யோசித்துப் பார்ப்பாள். நடைபாதையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கண்ணை ஓட்டித் தேடுவாள்.

"இன்னும் வரலக்கா," என்பாள். "வந்தா இங்கியே எங்கூட ஒக்கார வச்சிருக்கன். நீங்க போயி வேலயப் பாருங்க."